‘என்ஜாய் எஞ்சாமி’யும் தோட்டத்து ஒப்பாரியும்

நாட்டார் பாடல் நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தினுள் புகும்போது அதன் உயிர் எஞ்சுமா என்னும் வினா புதியதன்று. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ அவ்வினாவை மலையக மக்கள் முன் மீண்டும் வைத்தது.

2019இல் வெளிவந்த ‘தெருக்குரல்’ தொகுப்பில் அறிவு கையாண்டது ‘ராப்’ எனப்படும் மேலைநாட்டுச் சொல்லிசை. பின்னர் அவர் தம் பாட்டி வள்ளியம்மாளின் ஒப்பாரியை நாடினார். 2024இல் வெளியிட்ட தொகுப்புக்கும் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்றே பெயரிட்டார். அம்மூதாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் தமிழகம் சென்றவர். அவ்வொப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எண்ணிக்கையாக மட்டும் கருதப்பட்டோருள் ஒருத்தி இப்பாடலில் பெயரும் குரலும் பெறுகிறாள். பாடலின் முதன்மைச் சிறப்பு இதுவே.

அழுகையை ஆடற்றாளத்தில் அமைத்தது பொருந்தாது எனலாமா? இழவு வீட்டில் தப்பொலியும் ஆட்டமும் ஒப்பாரியும் அருகருகே நிகழ்வதை அறிந்த தோட்டத்து மக்கள் அவ்வாறு கூறார். ஒப்பாரி வெறும் புலம்பலன்று. வாழ்ந்தவரின் உழைப்பை எண்ணிக் கணக்குக் கேட்பதும் அதன் இயல்பாகும்.

குறை வேறிடத்தில் உள்ளது. நிலத்தை முன்னோர் விட்டுச்சென்ற செல்வமாகப் பாடல் போற்றுகிறது. மரம் நட்டவரின் தொண்டை காய்ந்திருப்பதையும் அது கூறாமலில்லை. ஆயினும் அது திரும்பிச் சென்றவரின் பேரன் பாடிய பாட்டு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தங்கிவிட்டோருள் பலருக்குத் தாம் வாழும் லயக் காம்பராவின் நிலமே இன்னும் உரித்தாகவில்லை. இங்குள்ள இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுவோர் விடியலில் தத்தம் மரங்களிடையே தனித்தே உழைப்பர். கொழுந்து பறிக்கும் மலையைப் போலக் கூடிப் பாட அங்கு வாய்ப்பில்லை. ஆகவே தாலாட்டும் ஒப்பாரியுமாகிய வீட்டுப் பாடல்களே அங்கு கூடுதலாகக் கவனிக்கத்தக்கன. அவர்தம் அனுபவம் இப்பாடலின் பொதுமையுள் அடங்காது.

சி. வி. வேலுப்பிள்ளை மலையக நாட்டார் பாடல்களைத் திரட்டி வழிகாட்டினார். சப்ரகமுவத் தோட்டங்களின் முதிய பெண்களிடம் எஞ்சியுள்ள ஒப்பாரிகளை, பாடுவோரின் பெயரோடும் இசைவோடும் பதிவு செய்தல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் உடன் மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.