ரெலிக்வரி (புதினம்)

ரெலிக்வரி என்பது டக்ளஸ் பிரஸ்டன், லிங்கன் சைல்ட் இருவரும் சேர்ந்து எழுதி 1997இல் வெளிவந்த ஆங்கிலத் திகில் புதினம். 1995இல் வந்த 'ரெலிக்' புதினத்தின் தொடர்ச்சி. புனிதர்களின் உடல் எச்சங்களைக் காத்து வைக்கும் பேழைக்கு ஆங்கிலத்தில் இந்தப் பெயர்.

முதல் புதினத்தில் கொலைகள் நியூயார்க்கின் அருங்காட்சியகம் ஒன்றில் நடந்தன. பிரஸ்டன் அந்நகரின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர்; அத்தகைய கட்டடத்தின் இண்டு இடுக்கெல்லாம் அவருக்குத் தெரியும். தொடர்ச்சியில் களம் மான்ஹாட்டன் நிலத்தடி. ஆற்றுச் சேற்றில் தலையில்லாத இரண்டு எலும்புக்கூடுகள் கிடைக்கின்றன. ஆய்வாளர் மார்கோ கிரீன், எப்.பி.ஐ. அதிகாரி பெண்டர்காஸ்ட், போலீஸ் அதிகாரி டகோஸ்டா ஆகியோர் துப்புத் தேடிக் கைவிடப்பட்ட ரயில் சுரங்கங்களில் அடுக்கடுக்காக இறங்குகிறார்கள்.

கும்மிருட்டும் காலடி ஓசையும் எந்தத் திகில் கதையிலும் உண்டு. இதில் என்னை நிறுத்தியது வேறு. அந்தச் சுரங்கங்களில் வீடற்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு மெஃபிஸ்டோ என்றொரு தலைவன். தன் ஆட்கள் பலர் கொலையுண்டபோது எட்டிப் பார்க்காத போலீஸ், கிடைத்த எலும்புக்கூடுகளில் ஒன்று பணக்கார வீட்டுப் பெண்ணுடையது என்றதும் ஓடிவந்தது ஏன் என்பது அவன் குறை. அந்த இடத்தில் புத்தகத்தைச் சற்று மூடி வைத்தேன். எங்கள் ஆர்.கே.பேட்டையில் தரைக்குக் கீழே என்றால் நெசவாளர் கால் வைக்கும் தறிக்குழிதான் நினைவுக்கு வரும். நகரங்களிலோ கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூச்சடைத்து இறப்பவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. அதற்குப் பின்னும் அந்தச் சாவுகள் நாளிதழின் உள்பக்கச் செய்திதான்.

சுரங்கவாசிகள் வெறும் கற்பனை அல்ல. ஜெனிபர் டாத் 1993இல் அவர்களைப் பற்றி நூல் எழுதினார். அதிலுள்ள சில தகவல்களைப் பின்னர் மறுத்தவர்களும் உண்டு. 2000இல் வந்த 'டார்க் டேஸ்' ஆவணப்படத்தில் அம்மக்களை நேரடியாகவே காணலாம்.

பிற்பாதியில் புதினம் சறுக்குகிறது. தாவரம், வைரஸ், போதைப்பொருள் என்று ஆய்வுக்கூட விளக்கம் பக்கம் பக்கமாக நீள்கிறது. வகுப்பில் இப்படி நடத்தியிருந்தால் கடைசி பெஞ்சு தூங்கியிருக்கும். போதைக்கு அடிமையானவர்களே அரக்கர்களாகிவிடுவதால், அதுவரை இரக்கத்துக்குரியவர்கள் இருந்த இருட்டில் இப்போது வேட்டையாட வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சென்ட்ரல் பார்க் நீர்த்தேக்கத்தைச் சுரங்கத்துக்குள் திறந்துவிடும் திட்டம் வந்ததும் வேகம் கூடுகிறது, பக்கங்கள் பறக்கின்றன. மெஃபிஸ்டோவின் கேள்வி அந்த வெள்ளத்திலேயே அடித்துச் செல்லப்படுகிறது.

முதல் புதினத்தைப் படிக்காமல் இதைத் தொடங்க வேண்டாம். பாதிப் பெயர்கள் புரியாது. 1997இல் வந்த திரைப்படத்தைப் பார்த்திருந்தாலும் போதாது. அதில் கதை சிகாகோவில் நடக்கிறது. பெண்டர்காஸ்ட் வருவதே இல்லை.