வெள்ளிக்கிழமை வேதபாடம்

ஆண்டின் கடைசி இரவில் பன்னிரண்டு மணி அடித்து, புது வருஷத்தின் முதல் ஜெபமும் முடிந்தபின், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கத்துச் சபைகள் பலவற்றில், தட்டிலே குவித்து வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுப்பதற்காக விசுவாசிகள் பயபக்தியோடு வரிசையில் நிற்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய வரிசையொன்றில் எனக்கு முன்னே நின்ற மூதாட்டியார், கண்ணாடி கொண்டுவராத காரணத்தால், தாம் எடுத்த அட்டையை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். எரேமியா 29-ஆம் அதிகாரம், 11-ஆம் வசனம். கடவுள் தம் மக்களுக்கு நன்மையையே எண்ணியிருக்கிறார் என்று ஆறுதல் சொல்லும் அந்த வசனத்தைக் கேட்டதும் அவர் கண்கள் கலங்கின. "பையனுக்கு இந்த வருஷம் வேலை கெடச்சிரும், தம்பி" என்று சொல்லி, அட்டையை ஜிப் வைத்த வேதாகம உறைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்.

அந்த அம்மையாரின் விசுவாசத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆயினும், அந்த வசனம் யாருக்கு, எந்த நிலையில் எழுதப்பட்டது என்பதை அட்டை சொல்லவில்லை. அட்டையால் சொல்லவும் இயலாது. ஒரு வசனத்தை அதன் அதிகாரத்திலிருந்து பெயர்த்தெடுத்து வருஷம் முழுவதற்கும் உணவாகக் கொள்ளும் பழக்கத்துக்கு மாற்றாகவே, இப்பகுதிச் சபைகள் சிலவற்றில் வேதபாட வகுப்பு நடந்துவருகிறது. ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டால், அதன் முதல் வசனம் தொடங்கி முடிவுவரை, அதிகாரம் அதிகாரமாக, விட்டுவிடாமல் படித்துப் பொருள் காணும் முறை அது. இந்த முறையின் பயனையும் குறையையும் நிறுத்துப் பார்ப்பதே என் நோக்கம்.

அதே ஆண்டின் நடுவில், ஓர் இல்லத்தின் கூடத்தில் ஜமக்காளம் விரித்து நடந்த வெள்ளிக்கிழமை வகுப்பு, எரேமியாவின் அந்த அதிகாரத்துக்கு வந்து சேர்ந்தது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குத் தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம் என்பதும், சீக்கிரமே திரும்பிவிடலாம் என்று சொன்ன பொய்த் தீர்க்கதரிசிகளை நம்பாமல் அந்நிய தேசத்திலேயே வீடு கட்டித் தோட்டம் வைத்துக் குடியிருக்கும்படி அது கட்டளையிடுகிறது என்பதும், வாக்குத்தத்தம் நிறைவேற 70 வருஷம் ஆகும் என்று 11-ஆம் வசனத்துக்கு முந்திய வசனமே கூறுகிறது என்பதும் அன்றுதான் பலருக்குத் தெரியவந்தன. 7-ஆம் வசனமோ, குடியேறிய பட்டணத்தின் நலத்தைத் தேடி, அதற்காக ஜெபிக்கச் சொல்கிறது.

அந்தக் கூடத்தில் அமர்ந்திருந்தவர்களில் பலர், 1961-இல் தொடங்கிய ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலைக்கோ, அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கோ, தாமாகவோ தம் தந்தையர் காலத்திலோ தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாற்பது ஆண்டு இங்கே வாழ்ந்து, இங்கேயே வீடு கட்டி, பேரப்பிள்ளைகளையும் எடுத்த பின்னும், "ஊருக்குப் போறோம்" என்று அவர்கள் சொன்னால் அந்த ஊர் நாசரேத்தாகவோ சாயர்புரமாகவோதான் இருக்கும். இப்பட்டணம் அவர்கள் நாவில் இன்னும் ஊர் ஆகவில்லை. கழிவுநீர் கலந்து கெடும் கொரட்டூர் ஏரி அவர்கள் ஜெபக்குறிப்பில் இடம்பெற்றதும் இல்லை. தன் பிள்ளையின் வேலைக்கான உறுதிமொழியாக மட்டும் பொருள்பட்ட ஒரு வசனம், அதிகாரத்தோடு சேர்த்து வாசித்தவுடன், தான் வாழும் இடத்துக்கு ஒருவன் பட்டிருக்கும் கடமையாக மாறியது. முறையான போதனையின் பலம் இதுவே.

வேதம் கையில் இருப்பதொன்றே போதுமென்றால் தமிழ்க் கிறிஸ்தவருக்கு எந்தக் குறையும் இருந்திருக்கலாகாது. இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு, சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715-இல் வெளியிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடுதான். பின்னர் சென்னை வேப்பேரியில் பப்ரிஷியஸ் ஆயுள் முழுவதும் உழைத்த மொழிபெயர்ப்பும், ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வந்த திருப்புதலும் நமக்குக் கிடைத்தன. அந்த 1871-இன் நடையே இன்றும் பெரும்பான்மையான பிராட்டஸ்டண்டு சபைகளில் ஒலிக்கிறது. ஆங்கிலப் பள்ளியில் படித்து, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் இளைஞருக்கு அந்த நடை எட்டுவதில்லை. கத்தோலிக்கரும் பிராட்டஸ்டண்டுகளும் கூடிச் செய்து 1995-இல் வெளியான திருவிவிலியத்தை அருகில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் படித்தால் இந்த இடர் பெருமளவு நீங்கும்.

இனி குறைகள். வகுப்பு பெரும்பாலும் ஒருவர் சொல்ல மற்றவர் எழுதிக்கொள்வதாகவே இருக்கிறது. ஆங்கில விளக்கவுரையில் ஒரே எழுத்தில் தொடங்குமாறு அமைந்த தலைப்புகளைப் போதகர் தமிழாக்கிச் சொல்ல, பெண்கள் நோட்டுப் புத்தகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று குறித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் வருவதேயில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சுவரோரமாய் அமர்ந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஆண்டு முடிவில் வேத வினாடிவினா வைத்து, அதிக மதிப்பெண் பெற்றவர்க்குப் பரிசு கொடுத்து, அதையே ஆவிக்குரிய வளர்ச்சியின் அளவாகக் கொள்ளும் சபைகளும் உண்டு.

அளவு அதுவன்று. பாலும் பலமான ஆகாரமும் பற்றிப் பேசும் எபிரெயர் நிருபத்தின் 5-ஆம் அதிகாரம், முதிர்ந்தவர் என்பதற்குச் சொல்லும் அடையாளம் அறிவின் மிகுதி அல்லவே. நன்மை எது, தீமை எது என்று பகுத்தறியப் பயிற்சியினால் பழகிய உணர்வையே அது அடையாளமாகக் காட்டுகிறது. பயிற்சி என்ற சொல்லை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். கலாத்தியர் நிருபத்தை ஆறு மாதம் ஊன்றிப் படித்த குடும்பம், அதே ஆண்டில் மகளுக்கு வரன் தேடும்போது முதற்கேள்வியாகச் சாதியைக் கேட்பதைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன்.

இது இன்று நேர்ந்த பிழையும் அன்று. 1774 முதல் 1864 வரை வாழ்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப்போல் வேதத்தில் தோய்ந்தவர் தமிழ்ச் சபையில் அரியர். காலட்சேபமாகவும் குறவஞ்சியாகவும் கீர்த்தனையாகவும் அவர் செய்த போதனை, எழுத்தறியாதவர் நெஞ்சிலும் வேதத்தைப் பதித்தது. இன்றைய வகுப்புகள் பாட்டைத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மட்டும் ஒதுக்கிவைத்தது பெரும் இழப்பு என்பதே என் அபிப்பிராயம். ஆனால், தஞ்சைச் சபையில் சாதி வேற்றுமையை அகற்ற மிஷனெரிமார் முயன்றபோது, அந்தப் பெரும் புலவர் அதைக் காக்கவே வாதாடினார். அவரது பாட்டை இன்றும் கண்ணீரோடு பாடுகிறவன் நான். ஆதலால் இதை மறைக்கவும் எனக்கு உரிமையில்லை.

பயிற்சி கேள்வியில் தொடங்குகிறது. கேள்வி கேட்பதை அவிசுவாசமென்றும் மரியாதைக் குறைவென்றும் எண்ணும் வழக்கம் நம் வகுப்புகளில் வேரூன்றியிருக்கிறது. சீகன்பால்கு தமிழில் தந்த லூத்தரின் ஞானோபதேசம் வினாவிடையாகவே அமைந்தது உண்மைதான். எனினும், விடை முன்னரே வகுக்கப்பட்ட வினா, நினைவைத்தான் கூர்மையாக்கும், பகுத்தறிவை அன்று. அயல்வீட்டு மரபை இங்கே எண்ணிப்பார்க்கலாம். பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பியிடம், தம் மனத்திலிருந்த ஐயங்களுக்குக் காஞ்சி வரதரிடம் விடை பெற்றுத் தருமாறு இராமாநுசரே வேண்டிக்கொண்டார் என்பது வைணவ மரபு. ஐயத்தை வெளியிடுவது ஆசாரியருக்கும் இழுக்கன்று என்று கருதிய மண் இது. அதே மண்ணில் வாழும் நாம், ஐயத்தை ஜெபத்தால் மூடிவிடுகிறோம்.

மூடியதை அந்த வெள்ளிக்கிழமையே கண்டேன். பாடம் முடியும் தறுவாயில், சுவரோரமாய் அமர்ந்திருந்த அந்த மூதாட்டியார் தயங்கித் தயங்கி, "ஐயா, எழுபது வருஷம்னா, அந்தக் கடுதாசி வாசிச்சப்போ கேட்டவங்கள்ல முக்கால்வாசிப் பேரு அதைப் பாக்காமலே செத்துருப்பாங்களே, அவங்களுக்கு அந்த வசனத்துல என்ன இருக்கு?" என்று கேட்டார். பல ஆண்டுகள் நான் கேட்ட பிரசங்கங்களில், அவ்வளவு முதிர்ந்த வாக்கியம் ஒன்றை நான் கேட்டதில்லை. அட்டையைக் கையில் வாங்கிக் கண்கலங்கிய அதே உள்ளம் ஆறு மாதத்துக்குள் அந்த இடத்துக்கு வந்திருந்தது. முறையான வேதபாடம் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. பாடம் நடத்தியவர் கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாயிற்று, ஜெபித்து முடிப்போம்" என்றார். அடுத்த வாரம் 30-ஆம் அதிகாரம் தொடங்கிவிட்டது.

வகுப்பு நடத்தும் போதகர்களையும் மூப்பர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: பாடத்தை ஒரு மணி நேரத்திலிருந்து அரை மணியாகக் குறைத்து, மீதி அரை மணியைக் கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். வரும் வெள்ளிக்கிழமை, அந்த அம்மையாரின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள்.