கல்வராயன் மழைக்கு ஒரு காமிரா

கச்சிராயபாளையத்தை விட்டுக் கோமுகி அணையையும் கடந்து கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குச் செல்லும் சாலை மலையேறத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே சமவெளியின் புழுக்கம் விலகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலோ குளிர்ந்த காற்றோடு தூறலும் உடன் வரும். பெரியார், மேகம், கவியம் முதலிய அருவிகள் தம் முழு வேகத்தோடு விழுவதும், பாறைகள் பாசி போர்த்து நிற்பதும், தவளைகளும் நண்டுகளும் ஓடையோரத்தில் நடமாடுவதும் அந்த மாதங்களில்தான். படமெடுக்கும் ஆசையுள்ளவர்கள் விலையுயர்ந்த காமிராவைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பைக்குள் பத்திரப்படுத்துவதும் அதே மாதங்களில்தான். இந்த முரண்பாட்டுக்குப் பரிகாரமாக அமைந்த நீர்புகாக் காமிராக்களுள், ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த டஃப் டிஜி-7 என்பதை இந்த மலையில் வைத்துப் பழகியதில் எனக்கு உண்டான அபிப்பிராயங்களை இங்கே எழுதுகிறேன்.

இவ்வகைக் கருவிக்குப் பூர்வ சரித்திரம் உண்டு. கடலடி ஆராய்ச்சியால் கீர்த்தி பெற்ற ழாக் கூஸ்தோவின் உபயோகத்துக்காக ழான் த வூட்டர்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர் அமைத்த கலிப்ஸோ என்னும் காமிராவே, 1963-இல் நிக்கானஸ் என்ற பெயரில் நிக்கான் நிறுவனத்தின் வழியாக உலகுக்கு அறிமுகமாயிற்று. டிஜிட்டல் காலம் வந்தபின், 2006-இல், ஓஎம் சிஸ்டத்தின் முன்னோடியான ஒலிம்பஸ் வெளியிட்ட ஒரு சிறிய காமிரா மூன்று மீட்டர் ஆழத்து நீரையும் ஒன்றரை மீட்டர் உயர வீழ்ச்சியையும் தாங்கியது. அந்த வமிசத்தில் வந்த இப்போதைய கருவி 15 மீட்டர் ஆழத்து நீரையும், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதையும், நூறு கிலோ பாரத்தையும் தாங்கும் என்பது தயாரிப்பாளர் தரும் உறுதி. எடை கால் கிலோவுக்கும் ஒரு கிராம் குறைவு. சட்டைப் பைக்குள் அடங்கும்.

கல்வராயனுக்குச் செல்பவனுக்குப் பதினைந்து மீட்டர் ஆழம் என்பது பெரிய பொருட்டன்று. வழுக்கும் பாறையில் இரு கைகளையும் ஊன்றி ஏறும்போது மணிக்கட்டில் தொங்கும் காமிரா கல்லில் மோதினாலும், சேற்றில் புரண்டாலும், மழை கொட்டினாலும் மனம் பதறாமல் நடக்க முடிகிறதே, அந்த நிர்ப்பயம்தான் இக்கருவியின் முதல் பயன் என்பேன். கைப்பேசியும் இந்நாளில் நீர் தாங்கும் என்கிறார்கள். ஆயினும் அந்தப் பரீட்சை ஆய்வுக்கூடத்தின் அசையாத நன்னீரில் நடப்பது. அன்றியும், தொடுதிரையில் மழைத்துளிகள் விழத் தொடங்கியதும் எது விரல், எது நீர் என்று தெரியாமல் அது தடுமாறிவிடும். அழுத்தினால் அழுந்தும் பொத்தான்கள் உள்ள காமிரா, நனைந்து விறைத்த விரலுக்கும் கீழ்ப்படிகிறது.

நீர் உள்ளே புகாவிட்டாலும், வெளிக் கண்ணாடியில் தங்கும் துளிகள் ஒரு தொல்லையே. அருவியின் சாரல் எட்டும் இடத்தில் நின்று எடுத்த படத்தில் வட்ட வட்டமாக மங்கல் தோன்றுவதற்கு அவையே காரணம். சிறிய உணரியும் குறுகிய குவியத்தூரமும் உள்ள காமிராவில், கண்ணாடியை ஒட்டிய துளிகூடக் கரைந்து மறையாமல் தன் உருவத்தைப் படத்தில் பதித்துவிடுகிறது. துணியால் துடைத்துக் கொண்டேயிருப்பதைக் காட்டிலும், காமிராவை முழுவதும் ஓடைநீரில் அமிழ்த்தி எடுத்து, நீர் ஒரே படலமாக வழிந்தவுடன் வாயால் ஊதிவிட்டுப் பொத்தானை அழுத்துவது நல்ல உபாயம்.

அருவியைப் படமெடுப்பவர்களுக்கு ஒரு குறை உண்டு. ஷட்டரின் வேகத்தை நாமே நேராக நிர்ணயிக்கும் முறை இதில் இல்லை. விழும் நீரைப் பட்டுப்போல் இழைய விடவோ, துளித்துளியாக உறைய வைக்கவோ விரும்புகிறவர் சுற்றுவழிகளையே நாட வேண்டும். இதனினும் பெரிய குறை வெளிச்சத்தைப் பற்றியது. மேகம் கவிந்த பிற்பகலில், மரங்கள் அடர்ந்த ஓடைக்கரையில், ஒளி மிகவும் குன்றிவிடும். நகத்தளவேயுள்ள உணரி அந்நேரம் இலைகளின் நுட்பத்தை இழந்து புள்ளி புள்ளியாகச் சிதறிய படத்தைத் தருகிறது. நீருக்கென்று பிறந்த கருவி, நீர் மிகும் பருவத்தின் இருளில் தளர்வது வருத்தம் தருவதே. லென்ஸை அதன் அகன்ற கோணத்திலேயே, எஃப் 2 என்ற திறப்பில் வைத்துக்கொண்டு, ஜூமை நீட்டாமல் நாமே இரண்டடி முன்னே செல்வதும், ரா (RAW) வடிவில் பதிவு செய்து வீட்டில் திருத்துவதும் இதற்கு ஓரளவு சமாதானம்.

இத்தனை குறைகளையும் மறக்கச் செய்வது அதன் நுண்ணோக்கி முறை. லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் உள்ள பொருளையும் இது தெளிவாகக் காண்கிறது. ஈரப் பாறையில் பச்சைக் கறையாக மட்டும் நம் கண்ணுக்குப் பட்ட பாசி, திரையில் ஒரு வனமாக எழுந்து, அதன் மெல்லிய காம்புகளின் நுனியில் வித்துப்பைகள் சாய்ந்து நிற்பதையும், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு நீர்மணி தொங்குவதையும், அந்த மணிக்குள் எதிர்க்கரை மரங்கள் தலைகீழாகத் தெரிவதையும் காட்டியபோது, மழையையும் பசியையும் மறந்து அங்கேயே மண்டியிட்டிருந்தேன். இவ்வளவு அருகில் காமிராவின் நிழலே பொருளை மறைத்துவிடுமாதலால், முன்புறத்து விளக்கின் ஒளியை லென்ஸைச் சுற்றி வளையமாகப் பரப்பும் துணைக்கருவியையும் சேர்த்து வாங்குவது அவசியம்.

இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகியவற்றை ஜிபிஎஸ் மூலம் ஒவ்வொரு படத்தோடும் பதிய வைக்கும் வசதியும் உண்டு. இதற்குக் கைப்பேசிக் கோபுரத்தின் உதவி வேண்டியதில்லை. சிக்னல் எட்டாத பள்ளத்தாக்கிலும் வேலை செய்யும். இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் செடிகளை, இன்ன இடத்தில் இன்ன நாளில் கண்டது என்று பதிவு செய்ய விரும்பும் தாவரவியல் மாணவருக்கு இதைவிட அனுகூலமான சிறு கருவியை நான் அறியேன். பாட்டரி ஒரு முறை ஏற்றினால் முந்நூற்றுச் சொச்சம் படங்கள் என்பது கணக்கு. ஜிபிஎஸ்ஸும் திரையும் ஓயாமல் உழைத்தால் அது குறையும் என்பதால் மாற்றுப் பாட்டரி ஒன்று கைவசம் இருக்கட்டும்.

ஆனால் அந்த மாற்றுப் பாட்டரியை ஓடைக்கரையில் நின்றுகொண்டு மாற்றக் கூடாது. மூடியின் உட்புறத்தில் ஓடும் ரப்பர் வளையம் குக்கரின் காஸ்கெட்டைப் போன்றது. ஒரு தலைமயிரோ மணல்துகளோ இடையில் சிக்கினால் போதும், நீர் வழி கண்டுவிடும். ஈரக் காற்றை உள்ளே அடைத்து மூடினாலும் ஆபத்துதான். வெயிலில் காய்ந்த காமிராவைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தியவுடன் அந்த ஈரம் கண்ணாடியின் உட்பக்கத்தில் பனித்துவிடும். ஆகையால் பாட்டரியையும் நினைவக அட்டையையும் முதல்நாள் இரவே, உலர்ந்த அறையில், வளையத்தைத் துடைத்துப் பார்த்துப் பொருத்திவிட வேண்டும். திரும்பியபின் நல்ல நீரில் கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். நீரில் போட்டால் மிதக்காது, மூழ்கிவிடும். மிதவைப் பட்டை ஒன்றும் தேவை.

அமெரிக்காவில் ஏறத்தாழ 550 டாலருக்கு அறிமுகமான இதன் விலை எளிதன்று. அருவியின் முன் நின்று குடும்பத்தோடு படமெடுத்துத் திரும்புகிறவர்களுக்குக் கைப்பேசியும் ஓர் உறையும் போதும். இதற்கு முந்தைய மாதிரியான டிஜி-6 நல்ல நிலையில் கிடைத்தால் அதையே வாங்கலாம். லென்ஸிலும் நீர் தாங்கும் திறனிலும் இரண்டுக்கும் பேதமில்லை, புதியதில் யுஎஸ்பி-சி இணைப்பும் சற்று இறுக்கமான பிடியும் கூடுதல். மழைக்காலத்தில் மலைக்குப் போயே தீருவது என்றிருப்பவருக்கு, அதிலும் சிறியவற்றின் மேல் பிரியம் கொண்டவருக்கு, தயக்கமின்றி இதையே சிபாரிசு செய்வேன்.