எள்ளலும் நகையும்

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1989 முதல் ஒளிபரப்பாகிவரும் ‘தி சிம்ப்சன்ஸ்’ என்னும் சித்திர நகைச்சுவைத் தொடரில் அப்பு என்றோர் இந்தியக் கடைக்காரர் உண்டு. சத்யஜித் ராயின் கதைநாயகன் பெயரைத் தாங்கிய அப்பாத்திரத்திற்குக் குரல் கொடுத்தவரோ ஹேங்க் அஸாரியா என்னும் வெள்ளை அமெரிக்க நடிகர். அக்குரலைக் கொண்டே கேலிக்கு ஆளான இந்திய வம்சாவளியினரின் மனக்குறையை ஹரி கொண்டபோலு 2017இல் ஆவணப்படமாக்கினார். 2020இல் அஸாரியா அப்பாத்திரத்தைக் கைவிட்டார்.

‘வெறும் கேலிச்சித்திரத்திற்கு இத்துணை ஆரவாரமா?’ என வினவுவோர் உளர். தொல்காப்பியர் நகை பிறக்கும் களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுத்தார். குடும்பத்தலைவன் ஹோமரைக் கண்டு சிரிப்பது அவனது பேதைமைக்காக. அப்புவையோ உழைப்பாளி, கற்றவர் என்றே கதை காட்டுகிறது. ஆயினும் சிரிப்பு எழுவது அவர் நாவின் ஒலியில். இது எள்ளல். ஒரு கூட்டத்தார் பிறிதொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைத் திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் விலக்கியிருப்பதை நாம் அறிவோம்.

இதே தொடரை 2005 ரமளானில் எம்.பி.சி. நிறுவனம் ‘அல் ஷம்ஷூன்’ என அரபியில் வழங்கியது. ஹோமர் உமரானான்; பீர் சோடாவாயிற்று. எகிப்தின் புகழ்பெற்ற நடிகர் முஹம்மத் ஹுனைதீ குரல் கொடுத்தும் அது நிலைக்கவில்லை. மதுவை நீக்கியது மார்க்கப்படி சரியே. குடிகாரனின் பேதைமையும் உடன் போனபின் நகைக்கு இடமேது?

நம் திரைப்படங்களிலும் முஸ்லிம் பாத்திரங்கள் ‘நம்பள்கி, நிம்பள்கி’ எனப் பேசவைக்கப்பட்டதுண்டு. வழிவழியாகத் தமிழே பேசிவரும் ஓமலூர் ராவுத்தரும் கொட்டகையில் உடன் சிரித்தார். அத்தகைய காட்சிகளைப் படத்தின் பெயர், ஆண்டுடன் திரட்டி ஆராயும் பணியைக் கல்லூரிகளில் தமிழ் பயிலும் நம் இளைஞர்கள் மேற்கொள்ளலாம்.