மேஃபேரில் வாத்து தோசை

லண்டனுக்கு வேலையாக வரும் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “மேஃபேர் பக்கம் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?” பெர்க்லி சதுக்கத்தைச் சுற்றியிருக்கும் நிதி நிறுவனங்களுக்கு மென்பொருள் ஆலோசனை சொல்லப் போய்வருகிறவன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். தெரியும்தான். ஆனால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பேட்டையில் நம் நாட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றோடு எனக்குக் கொஞ்சம் தகராறும் இருக்கிறது.

மற்றச் சாப்பாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீன் வேண்டுமென்றால் மவுண்ட் தெருவில் ஸ்காட்ஸ். மாட்டிறைச்சி உண்பவர்களுக்கு ப்ரூட்டன் பிளேஸில் கினீ. கையில் காசு குறைவு, மழை வேறு பெய்கிறது என்றால் நார்த் ஆட்லி தெருவில் பழைய செயின்ட் மார்க் தேவாலயத்துக்குள் 2019 முதல் இயங்கும் உணவுக்கூடத்தில் ஒதுங்கலாம். தேவாலயத்துக்குள் பீட்சா தின்பதில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் அது உங்கள் பாடு.

இனி நம் விஷயம். 1686 முதல் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் மே மாதத்தில் நடந்த சந்தைதான் அந்த இடத்துக்குப் பெயரைத் தந்தது. சந்தையின் கூச்சலும் குடியும் தாங்காமல் அதை விரட்டிவிட்டுப் பணக்காரர்கள் குடியேறினார்கள். இன்று மோனோபாலி ஆட்டத்தின் லண்டன் பலகையில் மிக விலை உயர்ந்த கட்டம் மேஃபேர்தான். இந்தியச் சாப்பாட்டுக்கும் லண்டனிலேயே விலை உயர்ந்த கட்டம் அதுவே. அங்கேயுள்ள இந்திய உணவகங்களின் பெயர்களை வரிசையாகப் படித்தால் ஒரு தமிழ் வாசகனுக்குச் சின்னக் குறுகுறுப்பு வரும்.

முதலில் வீராசாமி. மேஃபேரின் கிழக்கு எல்லையான ரீஜன்ட் தெருவில், ஒரு மாடியில், 1926இல் திறந்தது. பிரிட்டனில் இன்றுவரை இருக்கும் இந்திய உணவகங்களில் மிகப் பழையது. பெயரைப் பார்த்து யாரோ நம்மூர்க்காரர் என்று நினைத்தால் ஏமாறுவோம். திறந்தவர் எட்வர்ட் பால்மர். ஆங்கிலேயத் தளபதி ஒருவருக்கும் முகலாய உயர்குடிப் பெண் ஒருவருக்கும் பிறந்த வழியில் வந்தவர். மசாலாப் பொருள் விற்ற தன் நிறுவனத்துக்கு வைத்திருந்த பெயரையே உணவகத்துக்கும் வைத்தார். 1924இல் வெம்பிளியில் நடந்த பேரரசுக் கண்காட்சியில் இந்தியச் சாப்பாட்டுக்கு ஆலோசகராக இருந்த அனுபவம் அவருக்கு இருந்தது. இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்றுத் திரும்பிய வெள்ளைக்காரர்களுக்கு அங்கே சாப்பிட்ட கறியின் நினைவு வரும், இங்கே அது கிடைக்காது. அந்த ஏக்கத்தை நம்பித்தான் கடை ஓடியது.

அடுத்து, குவீன் தெருவில் தமரிண்ட். 2001இல் முதன்முதலாக மிச்செலின் நட்சத்திரம் பெற்ற இரண்டு இந்திய உணவகங்களில் ஒன்று. பெயர் நம்முடைய புளி. அரபு வணிகர்கள் ‘இந்தியப் பேரீச்சை’ என்று அழைத்தது ஆங்கிலத்தில் இப்படி வந்து சேர்ந்தது. ஆனால் அந்தக் கடை புகழ்பெற்றது ரசத்துக்கோ வத்தக்குழம்புக்கோ இல்லை, வடமேற்கு இந்தியாவின் தந்தூர் அடுப்புக்கு. நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த அடுப்பில் வெந்த ஆட்டுக்கறியைச் சாப்பிட்டவன் குற்றம் சொல்ல மாட்டான். பெயர்ப் பலகைக்கு மட்டும் தெற்கு போதுமானதாக இருக்கிறது என்பதைக் கவனித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாவது, ஆல்பிமார்ல் தெருவில் ஜிம்கானா. 2013இல் திறந்தது. 2024இல் இரண்டாவது நட்சத்திரம் கிடைத்தது. லண்டனில் அந்த உயரத்தைத் தொட்ட முதல் இந்திய உணவகம் இதுதான். இங்கே கேளையாட்டின் சீன உறவான மன்ட்ஜாக் மானில் பிரியாணி செய்கிறார்கள். இங்கிலாந்துக் காடுகளில் பெருகிப்போய்த் தொல்லையாகிவிட்ட மான் அது. அதைத் தம் போட்டு அடக்கியது நல்ல யோசனை. தோசையும் உண்டு. மெனுவில் அது மூன்று சொல்லாக நிற்கும்: தோசை, செட்டிநாட்டு வாத்து, தேங்காய்.

காரைக்குடிப் பக்கம் பந்தியில் காடை வரும், நாட்டுக்கோழி வரும், நண்டு வரும். வாத்து அங்கே அன்றாடப் பறவை கிடையாது. ஆனாலும் இந்தத் தோசையைப் போலி என்று தள்ள என்னால் முடியாது. வாத்தின் கொழுப்பு மிளகையும் சோம்பையும் தாங்கிக்கொள்கிறது. கோழியைவிட நன்றாகவே தாங்குகிறது என்றுகூடச் சொல்வேன். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய் வட்டிக்குக் கொடுத்து, திரும்பும்போது அந்த ஊர்ச் சுவைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் செட்டியார்கள். அவர்களில் ஒருவர் லண்டனில் கடை போட்டிருந்தால் வாத்தைத் தொட்டிருக்க மாட்டார் என்று யார் சொல்ல முடியும்?

எனக்கு உறுத்துவது அந்த மெனுவின் இலக்கணம். மூன்று பெயர்ச்சொல், நடுவில் காற்புள்ளி, வினை கிடையாது. இது ஜிம்கானாவின் தனிப் பழக்கமில்லை. இன்றைய உயர்தர உணவகங்கள் எல்லாமே, பிரெஞ்சுக்காரர்கள் உட்பட, இப்படித்தான் எழுதுகின்றன. மான் எந்தக் காட்டிலிருந்து வந்தது, நண்டு எந்தக் கடற்கரையில் பிடிபட்டது என்பதெல்லாம் இருக்கும். அதை யாரோ அரைத்தார், வதக்கினார், புரட்டினார் என்பது இருக்காது. நம் மொழியில் பாருங்கள்: வறுவல், பொரியல், அவியல், துவையல், மசியல், பிரட்டல், கூட்டு. பாதிப் பதார்த்தங்களின் பெயரே வினையிலிருந்து பிறந்தது. பெயரைச் சொன்னாலே அடுப்படியில் ஒரு கை அசைவது தெரியும். காற்புள்ளி மெனுவில் அந்தக் கை மறைந்துவிடுகிறது. பொருள்கள் தாமாக நடந்துவந்து தட்டில் அமர்ந்தது போல ஒரு தோற்றம்.

மேஃபேர் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் முதலில் சொல்லும் புகார் விலைதான். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் வாத்து தோசைக் கதையைச் சொன்னபோது சிரித்தார். “உந்தக் காசுக்கு ஈஸ்ட்ஹாமில ஒரு குடும்பமே வயிறு முட்டச் சாப்பிடலாம், தெரியுமோ?” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் இந்தப் புகாரில் எனக்கு உடன்பாடில்லை.

தோசை மாவுக்கு அரிசி ஊற வேண்டும், உளுந்து ஊற வேண்டும், அரைபட வேண்டும், லண்டன் குளிரில் புளிக்கவும் வேண்டும். சட்னி தனி வேலை, சாம்பார் தனி வேலை. இந்த நாட்டில் 21 வயதைக் கடந்த ஒருவருக்குச் சட்டப்படி தரவேண்டிய குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். அதைவிடக் குறைந்த விலைக்கு ஒருவர் வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்திருக்கிறார் என்றால், யாரோ ஒருவருடைய நேரம் அந்தப் பில்லில் ஏறாமல் போயிருக்கலாம். பல கடைகளில் அது குடும்பத்தின் நேரம்: கணவன் கல்லில், மனைவி கல்லாவில், பள்ளி விட்டு வந்த பிள்ளை மேசை துடைக்கும். என் தொழிலில் தொலைபேசியில் பேசிய கால் மணி நேரத்துக்கும் பில் போடுகிறோம். அதைக் கேட்டு முகம் சுளிக்காத நாம், தோசைக்கு இரண்டு பவுண்டு கூடினால் சுளிக்கிறோம். பிரெஞ்சுச் சமையற்காரனின் நேரத்துக்கு விலை உண்டு, நம் சமையற்காரரின் நேரம் இலவசம் என்ற எண்ணத்தை மேஃபேர் நம்மிடம் திணிக்கவில்லை. அதை நாம்தான் வைத்திருக்கிறோம்.

பில்லின் அடியில் வரும் சர்வீஸ் சார்ஜுக்கும் இதே கதைதான். பன்னிரண்டரையோ பதினைந்தோ சதவீதம் பார்த்ததும் நீக்கச் சொல்லலாமா என்று கை துறுதுறுக்கும். 2024 அக்டோபர் முதல் அந்தத் தொகையை முதலாளி பிடித்துக்கொள்ளாமல் முழுவதும் ஊழியருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பரிமாறியவரைப் பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆக, விலையில் எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. என் பிணக்கு நாற்காலியோடு. ஜிம்கானா என்பது பிரிட்டிஷ் இந்தியாவில் துரைமார் மாலையில் கூடிய விளையாட்டுக் கழகம். சென்னையிலும் ஒன்று 1884இல் தொடங்கியது, இன்றும் தீவுத்திடல் பக்கம் இருக்கிறது. ஆல்பிமார்ல் தெரு உணவகம் அந்தக் கழக உலகத்தையே திட்டமிட்டு அமைத்திருக்கிறது: கருமரத் தடுப்புகள், மெல்லச் சுற்றும் மின்விசிறி, பழுப்பேறிய புகைப்படங்கள், ஜோத்பூர் அரசரிடமிருந்து வந்த வேட்டை விலங்குத் தலைகள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அறையில் உட்காருகிறவர் யாருடைய இடத்தில் உட்காருகிறார்? 1926இல் வீராசாமியில் உட்கார்ந்த ஓய்வுபெற்ற துரையின் இடத்தில்தான். நூறு ஆண்டுகளில் சமையல் எவ்வளவோ தூரம் வந்துவிட்டது, நாற்காலி நகரவில்லை. முதலாளிகள் இந்திய வம்சாவளியினர் என்பதால் இந்தக் கேள்வி ரத்தாகிவிடுவதில்லை.

இது வெறும் அலங்காரம், இதற்கெல்லாமா கோபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதி சொல்கிறேன். இந்த உணவகம் திறந்த மறு ஆண்டு, 2014 ஜூலையில், சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் கழகத்து மனமகிழ் மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப்போன சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை வாசலிலேயே நிறுத்தினார்கள். உடை விதி அப்படியாம். ஆகஸ்டில் சட்டமன்றம் கூடி, வேட்டி கட்டியவரைத் தடுப்பது குற்றம் என்று சட்டம் போட வேண்டியிருந்தது. துரைமார் போய் அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு! லண்டனில் ரசனையாகத் தெரிவது சென்னையில் இன்னும் வாசற்காவலனாக நிற்கிறது.

வேறு மாதிரி நாற்காலி போட முடியாதா என்றால், முடியும். நார்த் ஆட்லி தெருவில் 2021இல் திறந்த பீபி அதற்குச் சாட்சி. சமையற்காரர் சேத் சர்மா ஆக்ஸ்போர்டில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். கடைக்குப் பெயர் வந்தது பாட்டிகளிடமிருந்து. வட இந்தியச் சாயல் அதிகம், தமிழுக்கு அங்கே பெரிதாக இடமில்லை. இருந்தும் நான் அதையே முதலில் பரிந்துரைப்பேன். அடுப்படியைப் பார்த்தபடி நீளும் மேடையில் இடம் கேளுங்கள். நெருப்பு தெரியும், கை தெரியும், வியர்வை தெரியும். மெனுவில் விடுபட்ட வினைச்சொற்கள் எல்லாம் கண்முன் நடக்கும். அங்கே நீங்கள் துரையில்லை, ஒரு பாட்டியின் சமையலறைக்கு வந்த விருந்தாளி. விசித்திரம் என்னவென்றால் ஜிம்கானாவின் பின்னணியில் இருக்கும் அதே சேத்தி குடும்பம்தான் இதன் பின்னணியிலும் இருக்கிறது.

வீராசாமிக்குப் போவதென்றால் தள்ளிப்போடாதீர்கள். நூற்றாண்டுக்கு ஓராண்டு முன், 2025இல், கட்டட உரிமையாளரான கிரௌன் எஸ்டேட் குத்தகையை நீட்டிக்க மறுத்தது. மேல்மாடி அலுவலகங்களுக்கான வரவேற்பிடத்தை விரிவாக்க வேண்டும் என்பதும் காரணங்களில் ஒன்று. உணவகம் நீதிமன்றத்துக்குப் போனது. பேரரசின் நினைவை விற்றுப் பிழைத்த கடையை, முடியாட்சியின் பெயரிலுள்ள நிலக்கிழாரே வெளியே போகச் சொல்வதில் ஒரு நகைச்சுவை இருக்கிறது. ஆனால் எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. ஒரு பொய்யான தமிழ்ப் பெயர் என்றாலும், ரீஜன்ட் தெருவில் நூறு ஆண்டு நின்ற பெயர் அது.

ரீஜன்ட் தெருவைக் கடந்தால் மேஃபேர் முடிந்து சோஹோ தொடங்கிவிடும். பத்து நிமிட நடையில் ஃப்ரித் தெருவில் ஹாப்பர்ஸ் வரும். 2015இல் இதே சேத்தி குடும்பம் இலங்கையையும் தமிழ்நாட்டையும் மனதில் வைத்துத் திறந்தது. அப்பத்தை ஆங்கிலேயர் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி திரித்ததுதான் ஹாப்பர். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே அந்தச் சொல் ஏறிவிட்டது. ரோல்ஸ் பற்றி என் யாழ்ப்பாணத்து நண்பருக்குக் கடுமையான கருத்துகள் உண்டு, அவற்றை அவரே எழுதட்டும். நீங்கள் கேட்க வேண்டியது எலும்பு மஜ்ஜை. ரொட்டியோடு வரும், கையால்தான் சாப்பிட வேண்டும், சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெனுவில் அதன் பெயர் முழுதாக மொழிபெயர்க்கப்படவில்லை. வறுவல் என்ற சொல்லை அப்படியே விட்டிருக்கிறார்கள். வறுவல் என்றே சொல்லிக் கேளுங்கள், பரிமாறுகிறவருக்குப் புரியும்.