மூன்றாவது முனை எங்கே?

"கண்டன்சர் போட்டா ஓடும்ணே. நம்ம ஊர்ல எத்தனை போர் மோட்டார் அப்படி ஓடுது!"

ஏலாக்குறிச்சியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கோயம்புத்தூரிலிருந்து பழைய டர்ரெட் மில்லிங் மெஷின் ஒன்றை இறக்கியிருக்கும் தம்பி சொன்னது இது. அவர் ஒருவர் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. வீட்டு இணைப்பில் மும்முனை மோட்டாரைச் சுற்ற வைத்து, "பாருங்க, சில நூறு ரூபாயில் முடிஞ்சுது" என்று காட்டும் வீடியோக்கள் இப்போது நிறைய வருகின்றன. பார்ப்பவர்களும் மெஷின் சுற்றுவதைப் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். சுற்றுவது வேறு, வெட்டுவது வேறு. பல வருடங்களாக நான் சொல்லிவருவது இதைத்தான்.

வீட்டில் மில்லிங் வைப்பதையே நான் குறை சொல்லவில்லை. டிராக்டருக்கோ அறுவடை மெஷினுக்கோ ஒரு ஷாஃப்டில் கீவே வெட்ட அரியலூர், திருச்சி என்று அலைகிற ஊருக்கு அது பெரிய உதவி. கண்டன்சர் மலிவு என்பதும் உண்மை. சிறிய டிரில்லிங் மெஷினுக்கும் கிரைண்டருக்கும் அது போதும். தளவாடம் வாங்குவதிலும் இந்தத் தம்பிகள் கெட்டிக்காரர்கள். வைஸ், கோலெட், டிவைடிங் ஹெட், கட்டர் எல்லாம் சேர்ந்தால் மெஷின் விலையைத் தொட்டுவிடும் என்று தெரிந்தேதான் வாங்குகிறார்கள். மின்சாரம் என்று வரும்போது மட்டும் கையை இறுக்கிப் பிடித்துவிடுகிறார்கள்.

அந்தப் போர் மோட்டார் உதாரணத்தை முதலில் பார்ப்போம். மும்முனை மின்சாரம் நாளில் சில மணி நேரமே வந்த காலத்தில், மீதி நேரம் இருமுனையில் கண்டன்சர் போட்டு விவசாயிகள் மோட்டாரை ஓட்டினார்கள். அங்கே இரண்டு முனைகள் உயிரோடு இருந்தன. அவற்றுக்கு நடுவே 415 வோல்ட் இருந்தது. இல்லாத மூன்றாவது முனைக்கு மட்டும் கண்டன்சர் ஈடு கொடுத்தது. சாதாரண வீட்டு மீட்டரில் வருவது ஒரே முனையும் நியூட்ரலும்தான், 230 வோல்ட். மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். காயில்களை டெல்டா முறையில் இணைத்த 415 வோல்ட் மோட்டாருக்கு 230 கொடுத்தால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. நம் நாட்டில் பொதுவாக 3 எச்.பி.யும் அதற்கு மேலும் உள்ள மோட்டார்கள் டெல்டாவில்தான் வருகின்றன. 2 எச்.பி. வரை உள்ளவை ஸ்டார் இணைப்பில் வரும், அவற்றை 230 வோல்ட் டெல்டாவாக மாற்றிக் கட்டலாம். பழைய ஹெச்.எம்.டி. மெஷினை 5 எச்.பி. மோட்டாரோடு வாங்கி வந்து வீட்டு லைனில் கண்டன்சர் போடுகிறவர் போர் மோட்டாரைச் சாட்சிக்கு அழைக்கவே முடியாது.

சரி, ஏலாக்குறிச்சித் தம்பியின் மோட்டார் 2 எச்.பி.தான், முறையாக டெல்டாவுக்கு மாற்றித்தான் கட்டியிருந்தார். அப்போதும் நடந்ததைச் சொல்கிறேன். 80 மில்லி ஃபேஸ் கட்டர், ஐந்து டிப். மைல்ட் ஸ்டீல் பிளேட். 60 மில்லி அகலம், 2 மில்லி ஆழம், டேபிளுக்கு ஆட்டோ ஃபீட். நிமிடத்துக்கு 400 சுற்று, 200 மில்லி நகர்வு. இந்த வெட்டுக்கு 1 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். 2 எச்.பி. மோட்டார் மும்முனையில் 1.5 கிலோவாட் தரும். கண்டன்சரில் அதன் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே பெரிது. கட்டர் பாதி பிளேட்டுக்குள் போனதும் மோட்டாரின் சத்தம் தடித்தது, ஸ்பிண்டில் தயங்கியது. டேபிளை நகர்த்தும் ஃபீட் மோட்டார் தனி, ஸ்பிண்டில் தளர்ந்தது அதற்குத் தெரியாது. அது பாட்டுக்கு பிளேட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தது. டக்கென்று ஒரு சத்தம். தம்பி ஓடிப்போய் நிறுத்துவதற்குள் இரண்டு டிப் உடைந்து, பிளேட்டில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தது.

போர் மோட்டார் தளர்ந்தால் தண்ணீர் குறையும், அவ்வளவுதான். மில்லிங்கில் ஸ்பிண்டில் தளர்ந்தால் கட்டர் போகும், வேலைக்கு வந்த பொருளும் போகும். அந்தப் பிளேட்டைக் கொடுத்தவருக்கு யார் பதில் சொல்வது?

அதற்குப் பிறகு தம்பி அரை அரை மில்லியாக நான்கு தடவை ஓட்டுகிறார். "இப்ப நல்லா ஓடுதுண்ணே" என்கிறார். ஓடுகிறது, ஆனால் ஒரு மணி நேர வேலை நான்கு மணி நேரம் ஆகிறது. முடிந்த பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மேற்பரப்பு முழுக்க நெருக்கமான மெல்லிய அலைகள். பழைய மெஷினின் தேய்மானத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் மூன்று முனையும் சமமாக வரும் மோட்டாரின் முறுக்கு சீராக இருக்கும். கண்டன்சரில் ஓடும் மோட்டாரின் முறுக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். தண்ணீரில் அது தெரியாது. இரும்பில் பதிந்துவிடும்.

இன்னும் ஒன்று. கண்டன்சர் ஏதோ ஒரு லோடுக்குத்தான் சரியாகப் பொருந்தும். பம்பின் லோடு நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பது. மில்லிங்கில் அப்படி இல்லை. கட்டர் பொருளைத் தொடாமல் சுற்றும் நேரமே அதிகம். முழு லோடுக்கு அளந்து போட்ட கண்டன்சர், சும்மா சுற்றும்போது ஒரு காயிலில் அளவுக்கு மீறிக் கரண்டை ஏற்றும். வேலையே செய்யாமல் மோட்டார் சூடாகும். குறைத்துப் போட்டால் வெட்டும்போது இழுக்காது. இரண்டுக்கும் பொருந்தும் ஓர் அளவு இல்லை. கடைசியில் ரீவைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும்.

சமாளிக்காமல் குறையையே திருத்துவதற்கு அதே ஏலாக்குறிச்சியில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே வாழ்ந்து தமிழ் வளர்த்தவர் வீரமாமுனிவர். அந்த ஊர்ப் பெயரின் முதல் எழுத்திலேயே அவர் கைவேலை இருக்கிறது. முன்பு எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம், குறிலுக்குப் புள்ளி வைப்பார்கள், ஓலையில் பெரும்பாலும் அந்தப் புள்ளியும் இருக்காது. படிப்பவர் இடம் பார்த்துச் சமாளித்துக்கொள்ளட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. நெடிலுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து எழுத்தையே திருத்தினார். குறை எங்கே இருக்கிறதோ அங்கேயே சரிசெய்தார். நம் பட்டறைகளிலோ சமாளிப்பதையே திறமை என்று பாராட்டிப் பழகிவிட்டோம்.

வி.எஃப்.டி. போடலாமே என்பார்கள். ஒருமுனையை வாங்கி மூன்று முனையாக, 230 வோல்ட்டில் கொடுக்கும் டிரைவ். டெல்டாவுக்கு மாற்றக்கூடிய சிறு மோட்டாருக்கு நல்ல வழி, கண்டன்சரைவிட எவ்வளவோ மேல். ஆனால் "கியரே வேண்டாம், நாபைத் திருப்பினால் போதும்" என்று விற்கிறவர்களை நம்பாதீர்கள். வேகத்தைப் பாதியாக்கினால் மோட்டாரின் சக்தியும் பாதியாகும், அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றும். பெல்ட்டையோ கியரையோ மாற்றுவதுதான் சரி.

கண்டன்சர் போட்டு மில்லிங் ஓட்டுவது சிக்கனமே இல்லை. வீட்டு இணைப்பில் கூலிக்கு வேலை செய்வது விதிமீறல், பிடிபட்டால் அபராதம். விவசாய இலவச இணைப்பிலிருந்து இழுப்பது அதைவிட மோசம். உடைந்த டிப், போன நேரம், எரிந்த காயில், திரும்பி வராத வாடிக்கையாளர் எல்லாவற்றையும் கூட்டினால் மும்முனை இணைப்பின் செலவு ஒன்றும் பெரிதாகத் தெரியாது.

அடுத்து மெஷின் இறக்கப்போகும் தம்பிகளே, முன்பணம் கொடுப்பதற்கு முன் மோட்டாரின் நேம் பிளேட்டைத் துடைத்துப் பாருங்கள். எத்தனை எச்.பி., ஸ்டாரா டெல்டாவா, எத்தனை வோல்ட் என்று குறித்துக்கொண்டு, தொழில் கட்டணத்தில் மும்முனை இணைப்புக்கு மின்வாரியத்திடம் விண்ணப்பியுங்கள். மீட்டர் மாட்டிய பிறகு லாரியை வரச் சொல்லுங்கள்.