கீரிக்குட்டியும் ஃபெரெட் வாதமும்

மேலைநாட்டார் ஃபெரெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள், நாம் கீரிக்குட்டி வளர்த்தால் மட்டும் குற்றமா? கண்டியில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. சட்டைப்பைக்குள்ளிருந்து கீரிக்குட்டி எட்டிப் பார்க்கும் கைபேசிக் காணொளிகள் ஒரு காரணம். ஹந்தானை, பேராதனை, உடவத்தைக்கலைக் காட்டோரம் என்று வீட்டுக் கொல்லையே பற்றையாகவும் தேயிலையாகவும் இருப்பது மற்றொரு காரணம். இங்கே குட்டியைத் தேடிப் போகவேண்டியதில்லை.

வளர்ப்போர் சொல்வதில் உண்மை உண்டு. கீரி சூட்டிகையானது, ஆளை அடையாளம் கண்டு பின்னாலேயே ஓடிவரும், எலியை விடாது. எலிக்காய்ச்சலுக்குப் பயந்து வாழும் லயத்துச் சனத்துக்கு அது சின்ன உதவியல்ல. பாம்புப் புகழ்தான் கொஞ்சம் கூடுதல். நாகத்தின் நஞ்சு கீரியின் தசைகளை எளிதில் முடக்காது என்பது சரி. ஆனால் கட்டுவிரியன் இரை தேடுவது இரவில், கீரியோ பகலெல்லாம் திரிந்துவிட்டு இரவில் உறங்குகிற பிராணி.

என் ஆட்சேபம் இதில் இல்லை. ஃபெரெட்டைச் சாட்சிக்கு இழுப்பதில்தான் இருக்கிறது.

ஃபெரெட் காட்டு விலங்கு அல்ல. ஐரோப்பிய மரநாய் வகையொன்றிலிருந்து மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து உருவாக்கிய இனம் அது. முயல் பிடிக்க இவ்வகைப் பிராணிகளை வளர்த்ததைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். கடிக்கிறதைக் கழித்து, பணிகிறதைப் பெருக்கி வந்த நீண்ட வேலை அது. கீரியிடம் அந்த வேலையை யாரும் செய்யவில்லை. பற்றையில் எடுத்த குட்டி நம் கையில் பழகுகிறது என்றால் பழகியது அந்த ஒரு குட்டி. அதன் இனம் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பழக்கமும் குட்டியாக இருக்கும்வரைதான்.

வளர்ந்ததும் கீரி தனியாக வாழ விரும்பும். குதத்தடிச் சுரப்பியின் வாடையை அரிசிப் பெட்டியில், கட்டில் காலில், வாசற்படியில் தேய்த்து எல்லை போடும். முட்டை கிடைத்தால் முன்கால்களால் பற்றி, பின்புறம் திரும்பி, கால்களுக்கிடையே சுவரை நோக்கி எறிந்து உடைக்கும். பார்க்க வேடிக்கைதான். அதே முட்டையைப் பறிக்க ஒரு பிள்ளை கை நீட்டட்டும், வேடிக்கை அங்கேயே முடிந்துவிடும். இந்தக் காட்சி காணொளிகளில் வருவதில்லை. குட்டி பெரிதானதும் படம் பிடிப்பதும் நின்றுவிடுகிறதோ என்னவோ.

கடி விழுந்த பிறகுதான் ஃபெரெட் வாதம் முழுவதும் சரிகிறது. கடித்தது நாயோ பூனையோ என்றால் அதைக் கட்டிவைத்து 10 முதல் 14 நாள் கவனிக்கலாம். அதற்குள் சாகாவிட்டால் கடித்த வேளையில் அதன் எச்சிலில் விசர்நாய்க்கடிக் கிருமி இல்லை. ஃபெரெட்டுக்கும் அமெரிக்காவில் இந்த முறை செல்லும். அங்கே 1990இல் அதற்கென்று தடுப்பூசியும் அனுமதிக்கப்பட்டது. கீரிக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட ஊசியும் கிடையாது, காத்திருந்து தீர்மானிக்கும் கணக்கும் கிடையாது. இலங்கைக் கீரிகளில் இந்நோய் ஆய்வுகூடத்திலேயே உறுதிப்பட்டிருக்கிறது. கடித்த கீரியைக் கொன்று, தலையைப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினால்தான் உண்மை தெரியும். செல்லமாக வளர்த்ததன் முடிவு அதுவா?

எலிக்காகக் கீரியைக் கொண்டாடுவோர் கரீபியனையும் கொஞ்சம் பார்க்கட்டும். கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க 1872இல் கல்கத்தாவிலிருந்து ஜமைக்காவுக்குக் கீரி கப்பலேறியது. பிறகு அது தீவு தீவாகப் பரவி, தரையில் கூடு கட்டும் பறவைகளைத் தின்று தீர்த்தது. கிரெனடாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் விசர்நோயைச் சுமப்பதில் முதலிடம் இன்று கீரிக்குத்தான்.

சிலப்பதிகார அடைக்கலக் காதையில் வரும் கீரியை நன்றிக்கு உதாரணமாகச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பவர்களும் உண்டு. பிள்ளையைக் காக்கப் பாம்பைக் கொன்ற கீரியை, வாயில் இரத்தம் கண்டு பார்ப்பனி கொன்றுவிடுகிறாள். எல்லோரும் அவளுடைய அவசரத்தைப் பழிக்கிறார்கள். நான் வேறொன்றைக் கேட்கிறேன்: இரத்தத்தைக் கண்ட கணமே பிள்ளையைக் கடித்திருக்கும் என்று அவளுக்கு ஏன் தோன்றியது? வளர்த்தவளுக்கே அந்தப் பயம் உள்ளூர இருந்திருக்கிறது. பூனை வாயில் இரத்தம் கண்டு எந்தத் தாயும் தொட்டிலுக்கு ஓடமாட்டாள்.

ஃபெரெட்டையே வாங்கி வளர்ப்போம் என்று இதற்குப் பொருளல்ல. பங்குனி சித்திரையில் கண்டி வெயில் 30 பாகையைத் தாண்டும்போது அந்தப் பிராணி தாங்காது. இணையும் கருத்தடையும் இல்லாத பெட்டை இரத்தசோகையில் செத்தே போகலாம். நியூசிலாந்து 2002இல் ஃபெரெட் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் தடை செய்துவிட்டது.

பற்றையோரம் கீரிக்குட்டியைக் கண்டால் கை வைக்காதீர்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் பேராதனை மிருக வைத்திய பீடத்தில் ஆலோசனை கேளுங்கள், காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். கடிபட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி ஊசி அங்கே இலவசம்.